வழியில் இளகினால் விலை போய்விடும்!
உறைந்த இறைச்சியையும் மீனையும் குளிர் குன்றாமல் சந்தைக்குக் கொண்டு செல்லும் முறைகள்

சாத்தூர் வட்டாரக் கரிசல் காட்டில் சித்திரை வெயில் காலை 9 மணிக்கே சுட ஆரம்பித்துவிடும். மானாவாரி வெள்ளாமையை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத சிறு விவசாயிகளுக்கு ஆடும் நாட்டுக் கோழியும் கறவை மாடும்தான் கைகொடுக்கின்றன. கண்மாய் நிறைந்த ஆண்டுகளில் மீனும் உண்டு. முன்பெல்லாம் அறுத்த கறியை அன்றே விற்றாக வேண்டும். இன்று கிராமத்திலும் டீப் ஃப்ரீசர் வந்துவிட்டது. விலை குறைந்த நாளில் உறைய வைத்து, விலை கிடைக்கும் நாளில் மதுரைக்கோ விருதுநகருக்கோ எடுத்துச் செல்ல வழி பிறந்திருக்கிறது.

ஆனால் இங்கேதான் ஒரு தவறு நேருகிறது. இரவெல்லாம் கல்லாக உறைந்திருந்த கறியை, காலையில் ஒரு மெல்லிய தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். சாத்தூரிலிருந்து மதுரை 70 கிலோமீட்டருக்கு மேல். போய்ப் பெட்டியைத் திறந்தால் அடியில் சிவந்த நீர் தேங்கி நிற்கிறது. வாங்குகிறவர் கறியை விரலால் அழுத்திப் பார்க்கிறார். விரல் உள்ளே இறங்குகிறது. கிலோவுக்கு 50 ரூபாய் குறைத்துக் கேட்டால், 20 கிலோவுக்கு 1,000 ரூபாய் போயிற்று. வளர்த்தவரின் பல மாத உழைப்பு இரண்டு மணி நேரப் பயணத்தில் கரைந்துவிடுகிறது.

இந்த நஷ்டத்தைத் தவிர்க்கப் பெரிய முதலீடு தேவையில்லை. ஒரு உண்மையை மனதில் பதித்துக்கொண்டால் போதும். குளிரை உண்டாக்க வேண்டிய இடம் வீடு. வழியில் அதைக் காக்க மட்டுமே முடியும்.

உறைந்த பொருள் என்பது எது?

ஐஸ் போலக் கெட்டியாக இருப்பதெல்லாம் உறைந்த உணவு ஆகிவிடாது. பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி சென்டிகிரேடு, அதாவது மைனஸ் 18 டிகிரி, என்பதே உறைந்த உணவுக்கு உலகெங்கும் கடைப்பிடிக்கப்படும் அளவு. மேற்பரப்பு மட்டுமல்ல, பொருளின் நடுப்பகுதியும் அந்தக் குளிருக்கு வந்திருக்க வேண்டும்.

மீன், இறைச்சியில் உள்ள நீர் மைனஸ் 1 டிகிரி முதல் மைனஸ் 5 டிகிரிக்குள்தான் பெரும்பாலும் உறைகிறது. இந்த இடத்தை விரைவாகக் கடந்தால் பனித்துகள்கள் சிறியவையாக அமையும். மெதுவாகக் கடந்தால் பெரிய ஊசிகளாக வளர்ந்து தசையைக் குத்திக் கிழிக்கும். பிறகு இளகும்போது சாறு வெளியேறிவிடும். எடையும் குறையும், ருசியும் குறையும். பயணத்தில் பாதி இளகி, கடையில் மறுபடி உறைய வைக்கப்படும் கறிக்கும் இதே கதிதான்.

இன்னொன்றையும் விவசாயிகள் மறக்கக் கூடாது. உறைய வைப்பதால் கிருமிகள் செத்துவிடுவதில்லை; உறங்குகின்றன. வெப்பம் 5 டிகிரியைத் தாண்டினால் விழித்துக்கொண்டு பெருகத் தொடங்கும். அதன் பிறகு மீண்டும் உறைய வைத்தால் கறி பார்வைக்குப் பழையபடி இருக்கும், உண்பவருக்குத்தான் கேடு.

சென்னை ஐஸ் ஹவுஸ் சொல்லும் பாடம்

இயந்திரமே இல்லாத காலத்தில் குளிரைக் கடல் கடத்திக் கொண்டுவந்த வரலாறு நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் கட்டடம் ஒரு காலத்தில் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் போஸ்டன் நகரைச் சுற்றியுள்ள ஏரிகளில் குளிர்காலத்தில் பனிக்கட்டியை அறுத்து, கப்பலில் ஏற்றி, இந்தியாவுக்கு விற்றார் ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி. அந்த ஐஸைச் சேமிக்க 1842ல் எழுந்தது இக்கட்டடம்.

அவருடைய முதல் சரக்கு 1833ல் கல்கத்தாவுக்கு வந்தது. சுமார் 180 டன் ஐஸுடன் மே மாதம் புறப்பட்ட கப்பல், நான்கு மாதம் வெப்பக் கடல்களைக் கடந்து செப்டம்பரில் சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் மிச்சம் இருந்தது. இதை முடித்துக் காட்டியது எந்த இயந்திரமும் அல்ல. மர அறுவை ஆலையில் வீணாகிக் கிடந்த மரத்தூள். காய்ந்த மரத்தூளுக்கு இடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. இன்றைய தெர்மோகோலும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதில் பெரும்பகுதி அடைபட்ட காற்றே.

பிறகு 1882ல் உறைந்த இறைச்சியே கப்பலேறியது. நியூசிலாந்திலிருந்து டனிடின் என்ற பாய்மரக் கப்பல் ஏறத்தாழ 5,000 ஆட்டுடல்களுடன் பிப்ரவரி 15ல் புறப்பட்டு, 98 நாள் பயணத்துக்குப் பின் லண்டன் சேர்ந்தது. கப்பலில் குளிரூட்டும் இயந்திரம் இருந்தது. ஆனாலும் வெப்ப மண்டலத்தைக் கடக்கும்போது குளிர்காற்று சரக்கின் எல்லா மூலைக்கும் போய்ச் சேரவில்லை. கப்பல் தலைவர் விட்சன் தாமே சரக்கறைக்குள் ஊர்ந்து சென்று காற்றுக்குப் புதிய வழிகளை அறுத்துவிட்டார். குளிரில் விறைத்து உயிர் போகும் நிலையில் அவரை வெளியே இழுக்க வேண்டியதாயிற்று. லண்டனில் கழிக்கப்பட்டது ஒரே ஒரு ஆட்டுடல்தான்.

ஐஸ் ஹவுஸ் தரும் பாடம் வெப்பத்தை உள்ளே விடாதே என்பது. டனிடின் தரும் பாடம் குளிர் எங்கும் பரவ வழி விடு என்பது.

லாரி குளிர வைக்காது

இந்தியாவிலிருந்து உறைந்த இறால் ஏற்றுமதி 1953ல் கொச்சியில் தொடங்கியது. இன்று தூத்துக்குடி துறைமுகம் வழியாகவும் உறைந்த இறாலும் மீனும் குளிர்ப் பெட்டகங்களில் வெளிநாடு செல்கின்றன. அந்தப் பெட்டகத்தில் இயந்திரம் உண்டு. ஆயினும் வெதுவெதுப்பான சரக்கை அதில் ஏற்றி, போகும் வழியில் உறையட்டும் என்று யாரும் விடுவதில்லை. ஆலையிலேயே மைனஸ் 18 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஏற்றுவார்கள்.

காரணம் கணக்கில் இருக்கிறது. 30 டிகிரியில் உள்ள ஒரு கிலோ இறைச்சியை மைனஸ் 18 டிகிரிக்கு உறைய வைக்க, அதிலிருந்து சுமார் 90 கிலோகலோரி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். பெட்டகத்தின் இயந்திரம் அதற்காக அமைந்தது அல்ல. சுவர் வழியே கசிந்து வரும் வெப்பத்தை வெளியேற்றும் அளவுக்கே அதற்குச் சக்தி உண்டு.

பால் விவசாயிகளுக்கு இது தெரிந்த விஷயமே. மொத்தக் குளிர்விப்பு நிலையத்தில் பாலை 4 டிகிரிக்குக் குளிர வைத்த பிறகுதான் டேங்கர் லாரியில் ஏற்றுகிறார்கள். அந்த லாரிகள் பெரும்பாலானவற்றில் குளிரூட்டும் இயந்திரமே கிடையாது. இரட்டைச் சுவருக்கு நடுவே வெப்பம் கடத்தாத பொருளை நிரப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். குளிர்ந்த பால் அதில் பல மணி நேரம் குளிராகவே பயணம் செய்கிறது. சூடான பாலை ஏற்றினால் அதே லாரி அந்தச் சூட்டைக் காப்பாற்றிப் பாலைத் திரிய வைத்துவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியது

கறியையும் மீனையும் அரைக் கிலோ அல்லது ஒரு கிலோவாகப் பிரித்து, உணவுக்கு உகந்த பாலிதீன் பைகளில் தட்டையாகப் பரப்பிக் காற்றை நீக்கிக் கட்ட வேண்டும். உருண்டையாகக் கட்டினால் நடுப்பகுதி உறைய நேரமாகும். தட்டையானது விரைவில் உறையும். பெட்டியில் இடைவெளி இல்லாமலும் அடுக்கலாம்.

ஃப்ரீசரை ஒரே நாளில் நிரப்பக் கூடாது. புதிய பொட்டலங்களை உட்சுவரை ஒட்டி, ஒன்றோடொன்று நெருங்காமல் வைத்து, 24 மணி நேரமாவது விட வேண்டும். உறைந்த பின் நெருக்கி அடுக்கிக்கொள்ளலாம். புறப்படும் முன் இரண்டு பொட்டலங்களுக்கு இடையே வெப்பமானியை வைத்துப் பார்த்து, மைனஸ் 18 டிகிரி காட்டினால் மட்டுமே ஏற்ற வேண்டும். மின்தடை நேர்ந்த மறுநாள் இந்தச் சோதனை மிக அவசியம்.

பெட்டியின் கனம் எவ்வளவு?

60 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் உயரமுள்ள தெர்மோகோல் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளியே 38 டிகிரி வெயில். உள்ளே மைனஸ் 18 டிகிரி. சுவரின் கனம் இரண்டரை சென்டிமீட்டர் என்றால் மணிக்குச் சுமார் 85 கிலோகலோரி வெப்பம் உள்ளே நுழையும். உள்ளே இருக்கும் 20 கிலோ கறி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மைனஸ் 10 டிகிரிக்கு ஏறிவிடும். பெட்டியின் ஓரத்தில் உள்ள பொட்டலங்கள் அதற்கும் முன்பே இளக ஆரம்பிக்கும்.

சுவரின் கனத்தை 5 சென்டிமீட்டர் ஆக்கினால் நுழையும் வெப்பம் பாதியாகிறது. ஆகவே பெட்டி வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் சுவரின் கனத்தைப் பார்க்க வேண்டும். மெல்லிய பெட்டிதான் கையில் இருக்கிறது என்றால், அதைப் பெரிய பெட்டி ஒன்றுக்குள் வைத்து, நடுவே காய்ந்த உமி அல்லது மரத்தூளை நான்கு விரற்கடைக்கு இறுக்கி நிரப்பலாம். அடியிலும் மூடியின் மேலும்கூட இது இருக்க வேண்டும். உமி நனைந்தால் பயனில்லை. நனைந்த உமி வெப்பத்தைக் கடத்தும். எனவே அதைப் பாலிதீன் பையில் அடைத்து வைப்பது நல்லது.

மூடியின் விளிம்பை ஒட்டும் நாடாவால் சுற்றிலும் ஒட்டிவிட வேண்டும். பெட்டி பாதி காலியாக இருந்தால் அந்த இடத்தைச் செய்தித்தாளால் நிரப்ப வேண்டும்.

வெறும் ஐஸ் போதாது, உப்பு வேண்டும்

பலர் செய்யும் தவறு இது. உறைந்த கறியின் மேல் ஐஸ் கடையில் வாங்கிய ஐஸைக் கொட்டுகிறார்கள். இளகும் ஐஸின் வெப்பநிலை பூஜ்யம் டிகிரி. மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் கறிக்கு அது குளிர் அல்ல, சூடு! இளகும் ஐஸ் கறியைத் தன் நிலைக்கு இழுத்துவிடும்.

குல்ஃபி விற்பவரைக் கவனித்தால் விடை தெரியும். அவர் பானையில் ஐஸோடு உப்பையும் போட்டுக் குலுக்குகிறார். உப்பு சேர்ந்தால் ஐஸ் பூஜ்யத்துக்கும் கீழான குளிரில் இளகத் தொடங்கும். நன்றாக நொறுக்கிய ஐஸ் 3 பங்கு, உப்பு 1 பங்கு சேர்த்தால் அந்தக் கலவை மைனஸ் 20 டிகிரி வரை இறங்கும். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்து உப்பளங்களில்தான் விளைகிறது. சாத்தூர் விவசாயிக்கு இதைவிட மலிவான குளிர் வேறு கிடைக்காது.

மேலே சொன்ன 20 கிலோ பெட்டிக்கு 3 கிலோ ஐஸும் 1 கிலோ உப்பும் போதுமானவை. இரண்டையும் கலந்து, வாயகன்ற பிளாஸ்டிக் ஜாடிகளில் அடைத்து, இறுக மூடிவிட வேண்டும். உப்பு நீர் உணவின் மேல் படக் கூடாது. குளிர்காற்று கீழே இறங்கும் தன்மை உடையது. ஆகவே ஜாடிகளில் பாதியை அடியிலும் பாதியைப் பொட்டலங்களின் மேலும் வைக்க வேண்டும். 5 சென்டிமீட்டர் கனமுள்ள பெட்டியில் இந்தக் கலவை 2 முதல் 3 மணி நேரம் தாங்கும். கலவையைப் புறப்படுவதற்குச் சற்று முன்னரே தயாரிக்க வேண்டும். முந்தின இரவே கலந்து வைத்தால் சக்தி போய்விடும்.

பெரு நகரங்களில் கிடைக்கும் உலர் ஐஸ் மைனஸ் 78 டிகிரிக் குளிருடையது. அதை வெறும் கையால் தொட்டால் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். அது நீராகாமல் கரியமில வாயுவாக மாறும். காற்றுப் புகாத ஜாடியில் அடைத்தால் வெடிக்கும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் வைத்தால் மூச்சுத் திணறும். பழக்கமில்லாதவர்கள் அதை நாடாமல் இருப்பதே நல்லது.

உறைய வைக்காத புது மீனுக்கு மட்டும் வெறும் ஐஸே சரியானது. 10 கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவரவே 3 கிலோவுக்கு மேல் ஐஸ் கரையும். வழியில் நுழையும் வெப்பத்துக்கும் சேர்த்து, நம் வெயிலில் மீனும் ஐஸும் சம எடையாக இருக்க வேண்டும். ஐஸ் ஓர் அடுக்கு, மீன் ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் பரப்பி, அடியில் நீர் வடியத் துளையிட வேண்டும்.

பயணத்தின்போது கவனிக்க வேண்டியவை

* விடியற்காலை 4 மணிக்குப் புறப்படுவது உத்தமம். வெளியே 38 டிகிரிக்குப் பதில் 27 டிகிரி என்றால், பெட்டிக்குள் நுழையும் வெப்பம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். நேரடி வெயிலும் இல்லை.

* பெட்டியை வெள்ளைத் துணியால் மூட வேண்டும். கறுப்புத் தார்ப்பாய் வெயிலை வாங்கிச் சூடாகும். வண்டியின் சைலன்சர் பக்கம் பெட்டி ஒட்டியிருக்கக் கூடாது.

* வழியில் ஒருவருக்குக் காட்டுவதற்காகவும் பெட்டியைத் திறக்கக் கூடாது. திறக்கும் ஒவ்வொரு முறையும் குளிர்காற்று கொட்டிப்போய், வெப்பக்காற்று புகுந்துவிடும். சில்லறையாக இறக்க வேண்டியிருந்தால் சிறு பெட்டிகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

* இயந்திரம் பொருத்திய வேனை நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்தால், ஏற்றும் முன்பே வேனின் உள்ளறையைக் குளிர வைக்கச் சொல்ல வேண்டும். சரக்கைச் சுவரோடும் கூரையோடும் ஒட்டி அடைக்காமல் காற்றுக்கு வழி விட வேண்டும். டனிடின் கப்பலின் பாடம் இதுவே.

* பயண நேரத்தைத் தாராளமாகக் கணக்கிட வேண்டும். இருக்கன்குடி மாரியம்மன் கோயில் ஆடிக் கடைசி வெள்ளி போன்ற நாட்களில் சாத்தூர்ப் பாதைகளில் கூட்டம் நெரியும். அன்று ஐஸ் கலவையை இரு மடங்காக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பட்டாசு வட்டாரத்துக்கு ஓர் எச்சரிக்கை

சாத்தூர், சிவகாசி பக்கம் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் கழிக்கும் சாக்குகளும் டின்களும் அட்டைப் பெட்டிகளும் மலிவாகக் கிடைக்கலாம். உணவு கொண்டு செல்ல அவற்றை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. கந்தகம், குளோரேட், அலுமினியத் தூள் போன்றவை கழுவினாலும் தையலிலும் மடிப்பிலும் தங்கியிருக்கும். உமி, மரத்தூள் நிரப்பவும் அந்தச் சாக்குகள் ஆகா. குளோரேட்டும் மரத்தூளும் சேர்ந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. பட்டாசு ஏற்றிய வண்டியில் உணவுப் பெட்டியைப் போட்டு அனுப்புவதும் கூடாது.

வெள்ளரிக்குக் குளிர் ஆகாது

எல்லாவற்றுக்கும் ஐஸ் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. சாத்தூருக்குப் பேர் வாங்கித் தந்த வெள்ளரிப் பிஞ்சை ஐஸில் புதைத்தால் கெட்டுப்போகும். வெள்ளரிக்கு 10 முதல் 13 டிகிரி வரையே ஏற்றது. அதற்கும் கீழே நெடுநேரம் வைத்தால் தோலில் குழி விழுந்து, நீர்க்கசிவு கண்டு, வெளியே எடுத்ததும் அழுகத் தொடங்கும். உறைய வைத்தாலோ நறுக்கென்று கடிபடும் தன்மையே போய்விடும்.

வெள்ளரியை விடியுமுன் பறித்து, நிழலில் ஆறவிட்டு, கூடையைச் சுற்றி ஈரச் சாக்கு போர்த்தினால் போதும். கரிசல் காட்டின் வறண்ட காற்றில் ஈரம் ஆவியாகும்போது கூடை குளிரும். இந்த ஈரச் சாக்கு வெள்ளரிக்குத்தான் உதவும். உறைந்த கறிப் பெட்டிக்கு அந்தக் குளிர் காணாது.

ஒரு ரூபாயில் ஒரு காவல்காரன்

பெட்டி வழியில் இளகியதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சிறு கிண்ணத்தில் நீர் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வைத்து, அந்தப் பனியின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, பொட்டலங்களுக்கு நடுவே நிறுத்திவிட வேண்டும். போய்ச் சேர்ந்து திறக்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் அங்கே பனி இளகவில்லை. நாணயம் கீழே இறங்கியிருந்தால் வழியில் இளகிவிட்டது; பிறகு மறுபடி உறைந்திருந்தாலும் நாணயம் உண்மையைச் சொல்லிவிடும். கரண்ட் போய் வந்த நாட்களில் வீட்டு ஃப்ரீசருக்கும் இதே காவல்காரன் உதவுவான்.

நாணயம் பனி இளகியதை மட்டுமே காட்டும். மைனஸ் 18 டிகிரி காக்கப்பட்டதா என்பதை வெப்பமானிதான் சொல்லும். ஆகவே இரண்டும் பெட்டியில் இருப்பது நல்லது.

இளகிய கறியில் இன்னும் பனித்துகள் நறநறவென்று தட்டுப்பட்டால், குளிர் விடாமல் அன்றே விற்றுவிட வேண்டும். முழுவதும் இளகி, 5 டிகிரிக்கு மேல் 2 மணி நேரம் கடந்துவிட்டால் அதை மறுபடி உறைய வைக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. அன்றைய நஷ்டம் ஒரு பெட்டியோடு போகும். கெட்ட கறியை விற்றால் போகும் பெயரை எந்த ஃப்ரீசரிலும் வைத்துக் காப்பாற்ற முடியாது.

உறைந்த உணவு விற்க விரும்புவோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது கட்டாயம். மீன் பதனிடுதல் பற்றிய விவரங்களுக்கு, 1977ல் தொடங்கப்பட்ட தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியை விவசாயிகள் அணுகலாம். இறைச்சி, பால் பற்றிய சந்தேகங்களுக்கு அருகிலுள்ள கால்நடை மருத்துவர் உதவுவார்.

ஒரு கிலோவை உறைய வைக்க 90 கிலோகலோரி வெப்பத்தை வெளியேற்றுகிறோம். அதற்கு மின்சாரக் கட்டணமும் கட்டுகிறோம். அதை மதுரை வரை காப்பாற்ற வேண்டியவை கனமான பெட்டி, 3 கிலோ ஐஸ், 1 கிலோ உப்பு, விடியற்காலைப் பயணம். இவ்வளவையும் செய்த விவசாயி வாங்குகிறவர் முன் பெட்டியைத் தைரியமாகத் திறந்து, உரிய விலையைக் கேட்டு வாங்கலாம்.